மூலையில் கறுப்பு

பிரேசர் மலை அடிவாரம்
1934 டிசம்பர் 9

என் அன்புத் தங்கை ராசம்மாவுக்கு அண்ணன் சபாபதி எழுதுவது. முருகன் துணையால் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை வீரமுத்துவும் உன் மாமியாரும் சுகமா? குட்டி தனலெட்சுமி என்னை மறந்துவிட்டாளா?

குளுவாங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கே தொலைந்தான் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நடந்தது இதுதான். ரப்பர் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு துரை டிரைவர் தேடினார். மோட்டார் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் விடுமுறை விட்டால் எந்தச் சாலையில் போவது, எங்கே நிறுத்திப் பார்ப்பது என்று ஒரு புத்தகம் எழுதப்போகிறாராம். அதற்காக ஊர் ஊராய்ப் போய் அழகான சாலைகளை எல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்படியும் ஒரு வேலையா என்று சிரித்தேன். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது பிரேசர் மலைக்கு வந்திருக்கிறோம். சாலை அவ்வளவு ஒடுக்கம். ஒரு நேரம் ஏறுகிற வண்டிகளுக்கு, ஒரு நேரம் இறங்குகிற வண்டிகளுக்கு என்று சாலை வாசலில் தடுத்து விடுகிறார்கள். வளைவுக்கு வளைவு பனி வந்து கண்ணாடியில் உட்காருகிறது. பெரிய பெரிய பிரம்புச் செடிகள் இரண்டு பக்கமும் குடை பிடிக்கின்றன.

துரை எந்தப் புதுச் சாலையிலும் முதலில் போகமாட்டார். விடியும்போது நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், எங்கே குழி, எங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்த வளைவில் நின்றால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். இதற்கு நான் வைத்த பெயர் வழி பார்ப்பது. ராசம்மா, அந்த நேரம் சாலை முழுவதும் எனக்குத்தான். துரைக்குக்கூட அது இரண்டாவதாகத்தான் கிடைக்கும். இந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலை இருக்கிறதே, லாரியில் ஒரு தடவை போயிருக்கிறேன். காட்டுக்குள்ளேயே போய், போய், கடைசியில் கடலில் முடியும். இந்த மலாயா மண்ணிலேயே பிறந்து நீ கடலைப் பார்த்ததில்லை. உன்னையும் பிள்ளையையும் ஒரு நாள் அதில் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

உறை மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதித் தருபவர் துரையின் சமையல்காரர் அமானுல்லா பாய். பின்சீட்டில் சட்டி பானைகளோடு உட்கார்ந்து வருவார். நல்ல மனுஷர். மட்கார்டு மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன்
சபாபதி


லாயாங் லாயாங் தோட்டம்
1935 ஜனவரி 6

அண்ணன் அவர்களுக்கு ராசம்மா வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்வதற்குள் இங்கே பாதி உயிர் போய்விட்டது.

உங்கள் கடிதத்தை ஆபீசிலிருந்து வாங்கி வந்தது என் மாமியார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உறையின் மூலையில் கறுப்பு இருந்தால் அது சாவுக் கடிதம் என்று தெரியும். உங்கள் கட்டைவிரல் அளவுக்கு அந்த மூலையில் வண்டி எண்ணெய்க் கறுப்பு! அவர் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டார். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிறேன், வழியில் நிறுத்தி, உன் அண்ணன் போய்விட்டான் என்று கட்டிக்கொள்கிறார்கள். கையிலிருந்த பால் வாளி கீழே கவிழ்ந்தது. வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் அதற்கும் பேச்சு வாங்கினேன்.

இவர் வந்து பிரித்துப் படித்தார். "உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறேன்" என்று முதல் வரி. மாமியார் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, "கை கழுவத் தெரியாதவனுக்கு எதுக்கு கடுதாசி?" என்று கேட்டார். பிறகு அவரே எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

இனி முக்கியமான விஷயம். வரும் ஆவணியோடு தனத்துக்கு மூன்று வயது நிறைகிறது. அதற்குள் காது குத்த வேண்டும். தவறினால் ஐந்தாம் வயதில்தான் என்கிறார் மாமியார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வராவிட்டால் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி லெட்சுமணன் உட்காரத் தயாராக இருக்கிறார். அவர் நல்லவர்தான். ஆனால் அண்ணா, அம்மாவும் அப்பாவும் ஒரே காய்ச்சலில் போன பிறகு எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர். இந்த லயத்தில் என்னை ஆளில்லாதவள் என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பார்க்க நீங்கள் வந்து உட்கார வேண்டும். எனக்கு வேறு சீர் எதுவும் வேண்டாம்.

பதில் போடுங்கள். கை கழுவிவிட்டு.

ராசம்மா


தாப்பா
1935 பிப்ரவரி 17

தங்கை ராசம்மாவுக்கு. நலமாக இருக்கிறேன், இந்த முறை உறையைப் பார்த்தே தெரிந்திருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். அமானுல்லா பாயின் மசாலாப் பெட்டியிலிருந்து எடுத்தது. விஷயத்தைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் மாமியார் எனக்காக ஒப்பாரி வைத்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்தான். அவரிடம் நான் கும்பிட்டதாகச் சொல்.

இங்கிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலை போட்டுச் சில வருஷம்தான் ஆகிறது. ஏற ஏற முடியவே இல்லை. நான் வழி பார்க்கப் போன அன்று நடுவில் ஓர் அருவி சாலையை நனைத்துக்கொண்டு ஓடியது. வண்டியை நிறுத்தி முகம் கழுவினேன். காட்டு மக்கள் இரண்டு பேர் அம்பு ஊதி வேட்டையாடும் நீளக் குழலோடு எதிரே வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மேலே போனால் மார்கழிக் குளிர். மலாயாவில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னால் உன் லயத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

காது குத்துக்கு வராமல் இருப்பேனா? வைகாசியில் நாள் பாருங்கள். துரை இன்னும் இரண்டு மூன்று சாலை பாக்கி என்கிறார். விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஆனாலும் வைகாசிக்குள் முடிந்துவிடும். என் மடியைத் தவிர வேறு மடியில் பிள்ளை உட்காரக் கூடாது.

சபாபதி


லாயாங் லாயாங்
1935 ஏப்ரல் 7

அண்ணன் அவர்களுக்கு. சுகம், சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் மஞ்சளால் வந்த வினையைக் கேளுங்கள். கடிதத்தைப் பார்த்ததும் மாமியார், "ஒங்கண்ணனுக்கு எங்க பொண்ணு எடுத்திருக்காங்க?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டார். அண்ணனுக்குக் கல்யாணமாமே என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகூட என்னிடம் விசாரித்தார். இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. தயவுசெய்து மஞ்சள் வேண்டாம். உங்களுக்குக் கழுவினாலும் போகாத கை. பழையபடி கறுப்போடேயே அனுப்புங்கள். கறுப்பு இருந்தால் அண்ணன் சுகமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம் என மாமியாரே சொல்லிவிட்டார்.

தனம் உங்கள் முதல் கடிதத்தின் உறையை விடாமல் வைத்திருக்கிறாள். அந்தக் கறுப்பில் விரலை வைத்து "மாமா" என்பாள். முத்தம் வேறு. உங்கள் முகம் அவளுக்கு மறந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் விரலைத்தான் தெரியும்.

வைகாசி பதினைந்தாம் தேதி நாள் குறித்திருக்கிறோம். குளுவாங்கிலிருந்து ஆசாரி வருகிறார். எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று. நீங்கள் முதல் நாளே வந்துவிடுங்கள்.

மெர்சிங் சாலையில் நடுவே உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்குமா? காட்டில் புலி வருமா? கடல் முதலில் தெரியும்போது தூரத்தில் தெரியுமா, இல்லை திடீரென்று தெரியுமா? இதையெல்லாம் இவரிடம் கேட்டால் சிரிக்கிறார். நீங்கள் எழுதுங்கள்.

ராசம்மா


கொழும்பு
1935 மே 12

தங்கை ராசம்மாவுக்கு. நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். எப்படி எழுதுவது என்று யோசித்தே பல நாள் போய்விட்டது. துரை திடீரென்று இலங்கைச் சாலைகளையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றார். வண்டியோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். சிங்கப்பூருக்குப் போகும் வழியில் அயர் ஹீத்தாமில் பெட்ரோல் போட நின்றோம். இடது பக்கம் திரும்பினால் குளுவாங், அதைத் தாண்டினால் நீ. ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். கப்பலுக்கு நேரமாகிறது என்று துரை விடவில்லை. அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாளை மாற்றி வை, ராசம்மா. ஆவணி வரை இருக்கிறதல்லவா? என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளையிடம் காட்டாதே.

இங்கே கண்டிக்குப் போகும் சாலையில், கடுகண்ணாவை என்ற இடத்தில் பாறையைக் குடைந்து சாலையை அதற்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். உள்ளே போகும்போது ஹாரன் அடித்தால் யாரோ திருப்பி அடிக்கிற மாதிரி கேட்கிறது. நான் வழி பார்க்கப் போனபோது மூன்று நாலு தடவை அடித்துப் பார்த்தேன். தனம் இருந்தால் கைகொட்டியிருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில்: கடல் திடீரென்றுதான் தெரியும்.

சபாபதி


லாயாங் லாயாங்
1935 ஜூன் 20

அண்ணன் அவர்களுக்கு. இங்கே சுகம்.

கடிதம் வந்து நாளாயிற்று. எழுத மனம் வரவில்லை.

அது வந்தபோது காது குத்துக்கு இரண்டே நாள் இருந்தது. அரிசி ஊறப் போட்டிருந்தோம். வீடு வீடாகப் போய், மாமன் வரவில்லை, நாள் தள்ளிப் போயிற்று என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். மாமியார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊறிய அரிசியை ஆட்டித் தோசை சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்.

உங்கள் துரைக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா? ஒரு நாள் விட்டிருந்தால் அவருடைய சாலை எங்கே ஓடிப் போய்விடும்?

ஆவணி முதல் வாரத்தில் மறுபடி நாள் பார்த்திருக்கிறோம். கப்பல் எப்போது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த முறை ஆட்களுக்குச் சொல்வேன். நீங்கள் வராவிட்டால் லெட்சுமணன் உட்காரட்டும் என்று இவர் சொல்கிறார்.

தனம் சுகம்.

ராசம்மா


கண்டி
1935 ஜூலை 14

என் கண்ணான தங்கை ராசம்மாவுக்கு. உடம்பு நலம், மனசுதான் நலமில்லை.

உன் கடிதம் இத்தனை சின்னதாக வந்ததே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். வீடு வீடாக நீ போன இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் காகிதத்தை மடித்துவிட்டேன். நான் பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

இனி ஒரே ஒரு சாலைதான். இங்கிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவது. இலங்கையிலேயே அதுதான் அழகு என்கிறார்கள். மலை முழுக்கத் தேயிலை, நடுவில் ரம்பொடை அருவிகள். அதை முடித்துவிட்டு நான் மட்டும் கப்பலேறுகிறேன். துரை ஒத்துக்கொண்டுவிட்டார். அடுத்த கடிதத்தில் கப்பல் பெயரும் நாளும் எழுதுவேன். அதைப் பார்த்ததும் நீ எல்லாரையும் கூப்பிடலாம்.

தனத்துக்குச் சிவப்புக் கல் வைத்த கம்மல் வாங்கி என் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். காது குத்தி முடிந்ததும் என் பழைய கூட்டாளி அர்ச்சுனனிடம் லாரியை இரவல் வாங்கி மெர்சிங் போகிறோம். முதலில் நான் வழி பார்த்துவிட்டு வருவேன். இல்லை, வேண்டாம். அந்தச் சாலையில் மட்டும் வழி பார்க்காமல் நேராக உன்னோடு போகிறேன்.

இங்கே விடாத மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
சபாபதி


புசல்லாவை
1935 ஆகஸ்ட் 5

ராசம்மா தங்கச்சிக்கு, உங்கள் அண்ணனோடு வேலை செய்யும் அமானுல்லா எழுதுவது. இத்தனை நாளும் உங்களுக்கு உறை மேல் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

உறையின் மூலையில் கறுப்பு தடவியிருக்கிறேன். உங்கள் ஜனங்களின் வழக்கம் எனக்குத் தெரியும். பிரிப்பதற்கு முன்பே உங்கள் மனம் கொஞ்சம் தயாராகட்டும், பக்கத்தில் யாராவது உங்களைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

சபாபதி அண்ணன் வெள்ளிக்கிழமை காலை காலமானார். விடியும்போது வழக்கம்போல் வழி பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். இரவெல்லாம் மழை. ரம்பொடைக்கு முன்னால் மேலிருந்து மண் சரிந்து சாலையையும் வண்டியையும் கீழே கொண்டுபோய்விட்டது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான் பார்த்து, இறங்கி எடுத்தார்கள். அவர்களுடைய கங்காணி மணியம் கொள்ளி வைத்தார். எல்லா முறையும் குறைவில்லாமல் நடந்தது. நான் கடைசி வரை கூட இருந்தேன்.

உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. அல்லா உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்.

அமானுல்லா


லாயாங் லாயாங்
1935 செப்டம்பர் 5

அமானுல்லா பாய் அவர்களுக்கு ராசம்மா எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. அது எப்படி வந்தது என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்தேன். கிராணி ஐயா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "ராசம்மா, வீட்டுக்காரரக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். நான் உறையைப் பார்த்தேன். இலங்கைத் தபால்தலை, எப்போதும் வருகிற உங்கள் எழுத்து, மூலையில் கறுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாதீங்க ஐயா, அது எங்கண்ணன் கை அழுக்கு" என்றேன்.

சிரித்தேன், பாய். அத்தனை பேர் முன்னால் சிரித்தேன்.

கையெல்லாம் பாலாக இருந்ததால் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். கப்பல் நாளைத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். வருகிற வழியெல்லாம், அண்ணன் வருகிறார், காது குத்துக்கு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்பு போய்த் தலைகுனிந்த அதே வாசல்கள். மாமியார் அரிசியை எடுத்து ஊறப் போட்டார். தனத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உறையைக் காட்டினேன். அவள் எப்போதும் போல அந்தக் கறுப்பில் முத்தம் கொடுத்தாள். உதட்டில் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டேன். அண்ணன் கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று சமைத்து, குளித்து, விளக்கேற்றிவிட்டுப் பிரித்தேன்.

நீங்கள் என் மேல் இரக்கப்பட்டுத்தான் அந்தக் கறுப்பைத் தடவினீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் துரையை நான் மன்னிக்க மாட்டேன். அயர் ஹீத்தாமில் அவர் ஒரு நாள் விட்டிருந்தால் என் பிள்ளை தன் மாமன் மடியில் உட்கார்ந்திருப்பாள்.

சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியார் கிழித்துப் போட்டுவிட்டார். ஆனால் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அதில் ஒன்று இல்லை, பாய். அண்ணன் எந்தச் சாலைக்குப் போனாலும் அது எப்படி இருந்தது என்று எழுதாமல் இருந்ததில்லை. நீங்கள் அந்தச் சாலையைப் பற்றி எழுதவில்லை. அங்கே என்ன தெரியும்? அவர் கடைசியாக எதைப் பார்த்திருப்பார்? எனக்கு அதை எழுதுங்கள்.

ராசம்மா


நுவரெலியா
1935 செப்டம்பர் 29

ராசம்மா தங்கச்சிக்கு அமானுல்லா. எல்லாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மஞ்சள் தடவிய கதை எனக்குத் தெரியும், நானும் சிரித்தவன். கறுப்புக்கு உங்கள் வீட்டில் வேறு அர்த்தம் ஆகிவிட்டது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வெறும் உறையில் அனுப்பியிருப்பேன்.

துரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பொய்யை வைத்துக்கொண்டு ஒருவரை நீங்கள் வெறுப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. அயர் ஹீத்தாமில் துரை, "போய் வா, கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கிறது" என்றுதான் சொன்னார். சபாபதி அண்ணன்தான் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் வந்து நின்று என்னிடம் சொன்னார்: "பாய், தங்கச்சி மொகத்தப் பாத்தா நான் திரும்பி வர மாட்டேன். இந்த ரோடெல்லாம் எனக்கு இனி எப்பக் கெடைக்கும்?" சொல்லிவிட்டு வெகு நேரம் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை மட்டும் அவர் உங்களுக்கு உண்மையாகத்தான் எழுதியிருந்தார்.

சாலையைக் கேட்டீர்கள். எனக்கு அவர் மாதிரி எழுத வராது. இரண்டு வாரம் கழித்து மண்ணை அள்ளி வழி விட்டதும் நான் நடந்து போனேன். இரண்டு பக்கமும் தேயிலை, வெட்டிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே மட்டமாக. எங்கே பார்த்தாலும் தண்ணீர்ச் சத்தம். வளைந்து வளைந்து ஏறினால் ஓரிடத்தில் மலை விலகி வழி விடுகிறது. அங்கே எதிர்ப்பக்கம் அருவி விழுகிறது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மையாக மேகம், அதன் மேல் வெயில். மண் சரிந்த இடம் அந்த வளைவைத் தாண்டித்தான் இருக்கிறது, முன்னால் இல்லை. ஆகவே அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த இடத்தில் அவர் வண்டியை நிறுத்தாமல் இருந்திருக்க மாட்டார். நான் அவரோடு ஓடிய ஆள், எனக்குத் தெரியும்.

அன்று காலை, "வாங்க பாய், ஒரு தடவ நீங்களும் வழி பாருங்க" என்று என்னையும் கூப்பிட்டார். துரைக்குத் தேத்தண்ணீர் வைக்க வேண்டும் என்று நான் போகவில்லை.

சட்டைப் பையில் கம்மல் பத்திரமாக இருந்தது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. துரை சீமைக்குப் போகிறார். நான் தை பிறந்ததும் சிங்கப்பூருக்கு வருகிறேன், கையோடு கொண்டுவந்து தருகிறேன்.

அமானுல்லா


லாயாங் லாயாங்
1935 அக்டோபர் 27

அமானுல்லா அண்ணன் அவர்களுக்கு ராசம்மா வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் கடலில் வரும்போது குளிர் படாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயர் ஹீத்தாம் விஷயத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர் மேல் இத்தனை கோபம் வருமா என்று எனக்கே பயமாக இருந்தது. மூன்று நாள் அண்ணன் பெயரையே நான் எடுக்கவில்லை. நாலாம் நாள், ரோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று என்னை விட்டுவிட்டுப் போனார், அதை நானும் பார்க்க வேண்டும் போல் ஆகிவிட்டது. அண்ணன் சொன்ன மெர்சிங் சாலையில் போக வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்காமல் குளுவாங்குக்குப் போய், அர்ச்சுனன் அண்ணனிடம் பேசிவிட்டு வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை லாரியில் மெர்சிங் போனோம். நான், இவர், தனம். மாமியார் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார். குளுவாங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ரப்பர் மரம், அப்புறம் பெருங்காடு. சாலையில் யானைச் சாணம் கிடந்தது, ஆவி பறந்தது. ஒரு பாலம் மரப்பலகையில் போட்டது, ஆடுகிறது, அதில் மெதுவாகப் போக வேண்டும். ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் இருக்கிறது, ஆனால் அட்டை அதிகம், உப்பு கொண்டுபோக வேண்டும். காட்டுக்குள்ளேயே போய், போய், தனம் தூங்கிவிட்டாள். கடைசியாக ஒரு மேடு ஏறியது. நான் அர்ச்சுனன் அண்ணனிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கடல். அண்ணன் எழுதியது சரிதான், திடீரென்றுதான் தெரிகிறது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சாவுக் கடிதம் வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

தனத்துக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இனி ஐந்தாம் வயதில்தான் குத்துவோம். லெட்சுமணனை உட்கார வைக்கலாமா என்று இவர் மறுபடி கேட்டார். அதற்கு என் மாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்கண்ணன் கூட ஒரே சட்டிச் சோறு தின்னவரு, கடைசி வரைக்கும் நின்னவரு. அந்த பாய் மடியில ஒக்கார வையி. எவன் என்ன சொல்றான்னு நான் பாக்கிறேன்." ஆகவே நீங்கள்தான் வர வேண்டும். நாள் வருவதற்கு நிறைய இருக்கிறது, அழைப்பை மட்டும் முதலிலேயே வைக்கிறேன். உறையின் நாலு மூலையிலும் மாமியார் தன் கையால் மஞ்சள் தடவியிருக்கிறார். கறுப்பு எதுவும் ஒட்டாமல் கை கழுவிவிட்டுத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தையில் வரும்போது கம்மலோடு நேராக இங்கே வாருங்கள். உங்களை மெர்சிங் கூட்டிப்போகிறோம். குழி எங்கே, பாலம் எங்கே, எந்த மேட்டில் நிறுத்த வேண்டும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் பயப்படாமல் வரலாம், அண்ணா. நான் வழி பார்த்துவிட்டேன்.

உங்கள் தங்கை
ராசம்மா